எந்நேரமும் கோடித் துணி

கிள்ளான் லிட்டில் இந்தியாவின் பூக்கடைகளைத் தாண்டி ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது விரல்களில் சுண்ணாம்பு காய ஆரம்பித்தது. காயும்போது அது தோலைப் பிடித்து இழுக்கும். வலி என்று சொல்ல முடியாது. கை நம்முடையது இல்லாத மாதிரி இருக்கும், அவ்வளவுதான். தோளில் ஒரு பை. உள்ளே கொஞ்சம் துணிமணி, ஒரு துண்டு, போன் சார்ஜர். போன வருஷம் இந்தத் தெருவுக்கு வந்தபோதும் இதே பைதான். சார்ஜர் மட்டும் புதுசு. தங்கை வாங்கிக் கொடுத்தது.

பூக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தெரிந்தவர். நாரைப் பல்லில் கடித்தபடியே கூப்பிட்டார்.

"என்னாண்ணே, கடை திறந்த அன்னிக்கே பைய தூக்கிட்டீங்க?"

"வேலை இருக்கு."

"காலையில வாசலுக்கு மாலை கட்டுனது நான்தான், மறந்துடாதீங்க. தங்கச்சிகிட்ட சொல்லி தீவாளிக்கு எனக்கு ஒரு வேட்டிலா."

தலையாட்டிவிட்டு நடந்தேன். அவருக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் ரோஜா வாளிக்குள் குனிந்துகொண்டார்.

விட்டுவிட்டு நடப்பது எனக்குப் பழக்கம். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். லோரியில் கெலிண்டானாக ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான் இறக்கிக்கொண்டே நாட்டைப் பாதி பார்த்தேன். கேமரனில் முட்டைக்கோஸ் வெட்டினேன். ஜொகூரில் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தேன். கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு கொஞ்ச காலம் சரியில்லாமல் இருந்தது. பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். இதெல்லாம் கஷ்டம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்போது எனக்கு அது அந்தந்த மாதத்து வேலை.

தங்கை கூப்பிட்டபோது பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடிக்குக் காவல் இருந்தேன். அவள் அதே ஊரில் வங்கியில் நல்ல வேலையில் இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். கிள்ளானில் அப்பா நடத்திய துணிக்கடையை மறுபடியும் திறக்கப்போகிறாளாம்.

"சும்மாதானே சுத்திக்கிட்டு இருக்க," என்றாள். "இங்க வந்து சுத்து. மேல ஒரு ரூம் இருக்கு."

கடை இருந்த கட்டடம் பழைய காலத்து ரெண்டு மாடிக் கடைவீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னால் அஞ்சடி என்கிற நடைபாதை, அதன்மேல் மாடியைத் தாங்கும் இரண்டு தடித்த தூண்கள். பாதி அப்பாவுடையது, பாதி சித்தப்பாவுடையது. அப்பா போனபிறகு கடையை மூடி, போன் கவர் விற்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். என் பங்கை நான் எப்போதோ தங்கைக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். சித்தப்பா தன் பங்கை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தார். பாதிக் கட்டடத்தை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் அவர் விற்பதென்றால் முழுவதையும்தான் விற்க வேண்டிவரும். தங்கை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி, ஒரு சம்மதம் வாங்கி வந்தாள். இந்தத் தீபாவளிக்கு முன்பு கடையைத் திறக்க வேண்டும். திறந்து, நல்லபடியாக ஓடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விற்றுவிடுவார்.

"இது ஓடணும்ணே," என்றாள் முதல் நாளே, ஒட்டடைக்கு நடுவில் நின்றுகொண்டு. "இல்லன்னா எனக்குன்னு அப்புறம் ஒண்ணுமில்ல."

வேலை தொடங்கியது. அவளுக்கு அதை இடித்துப் புதிதாகக் கட்ட விருப்பமில்லை. இருந்தது இருந்தபடி வர வேண்டும். பொய்க் கூரையைப் பிரித்தோம். உள்ளே புறா எச்சமும் நல்ல மரமும் இருந்தன. சுவரில் யாரோ சிமென்ட் பூசி வைத்திருந்தார்கள். பழைய செங்கல்லுக்கு அது ஆகாது, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பட்டுச்சேலை பூஞ்சை பிடித்துப்போகும் என்று கட்டட நிபுணர் சொன்னாராம். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். ஒரு ஜாவாக்கார மேஸ்திரியும் நானும். அவருக்கு ஊர் ஞாபகம் வந்தால் பாடுவார். எனக்கு எதுவும் ஞாபகம் வராது, நான் குழைத்துக் கொடுப்பேன். தங்கை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மரச்சன்னலின் சட்டங்களை ஒவ்வொன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். வங்கியில் உட்கார்ந்த கை. நகமெல்லாம் போயிற்று.

ஒருநாள் இடப்பக்கத் தூணைச் சுரண்டினேன். மேலே போன் கடைக்காரர்களின் மஞ்சள். அதற்குக் கீழே நீலம். அதற்குக் கீழே பச்சை. அந்தப் பச்சை எனக்குத் தெரியும், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இருந்தது. அதற்கும் கீழே வெள்ளையில் கறுப்பு எழுத்து. முதலில் சீன எழுத்துகள், அப்புறம் அரபு எழுத்து மாதிரியான ஜாவி, அதற்குக் கீழே தமிழில், மேலிருந்து இறங்கி வரும் வரிசையில்: பட்டு, பருத்தி, வேட்டி. கடைசியில் தனியாக: கோடித் துணி எந்நேரமும் கிடைக்கும்.

கோடி என்றால் இறந்தவர்மேல் போர்த்தும் புதுத்துணி. பிறந்த வீட்டிலிருந்து கோடி வராமல் கல்யாணமான பெண்ணை எடுக்க மாட்டார்கள். சாவு கடை நேரம் பார்த்து வருவதில்லை. அதனால் அப்பா எப்போது கதவைத் தட்டினாலும் இறங்கிப் போய்த் திறப்பார். அந்த வியாபாரத்துக்கு அவர் வேறு முறை வைத்திருந்தார். பேரம் கிடையாது. கொடுத்ததை எண்ணாமல் கல்லாவில் போடுவார். கடைப் பையில் போட மாட்டார், வெறும் காகிதத்தில் சுற்றித் தருவார். வாங்கிக்கொண்டு போகிறவரிடம் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல மாட்டார். பாதித் தலையாட்டலோடு நிறுத்திக்கொள்வார். படியில் உட்கார்ந்து நானும் தங்கையும் பார்த்திருக்கிறோம்.

தங்கை தூணுக்கு எதிரே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் நிறைய பேருக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் பங்சாரிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் வந்து, தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எழுத்துக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து மங்கின இடங்களில் மை ஏற்றச் சொன்னாள். கடைப் பையிலும் அந்தத் தூணையே அச்சடித்தாள்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டுக் கைத்தடியால் கடைசி வரியைத் தட்டினார்.

"இத மட்டும் சொரண்டிடு. கல்யாணச் சேலை விக்கிற கடையில எழவுத் துணி எழுத்தா?"

"இதெல்லாம் ஹெரிட்டேஜ் சித்தப்பா."

"ஹெரிட்டேஜ் வந்து சேலை வாங்குமா?"

"அப்பாவோட பேரே இதுலதான் இருக்கு. எத்தன பேரு சொல்லியிருக்காங்க, எங்க வீட்டு எழவுக்கு உங்கப்பாதான் கதவு திறந்தாருன்னு."

"பேரு சொன்னாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு எந்தக் கடைக்குப் போனாங்கன்னு கேட்டியா?"

அவள் அதைச் சுரண்டவில்லை. வரி இருந்தது. ஆனால் கடைக்கு வந்து இறங்கிய சரக்கில் கோடி இல்லை. எல்லாம் முகூர்த்தப் பட்டு, நிச்சயதார்த்தச் சேலை, மாப்பிள்ளை வேட்டி. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"யாராவது கோடி கேட்டு வந்தா என்னா செய்வ?"

"யாருண்ணே வரப்போறா? இப்பல்லாம் பெட்டி, பூ, துணி எல்லாத்தையும் சர்வீஸ்காரனே கொண்டாந்துடறான்."

அதுவும் உண்மைதான். நான் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அன்று மேலே போய்ப் படுத்தபோது ஒன்று கவனித்தேன். அந்த அறைச் சுவரில் நான் ஓர் ஆணி அடித்துச் சட்டை மாட்டியிருந்தேன். அதுவரை எங்கேயும் நான் ஆணி அடித்தது கிடையாது.

திறப்பு விழாவுக்கு நல்ல நேரம் காலை ஏழரைக்குள் என்று குறித்துக் கொடுத்துவிட்டார்கள். தெருவில் வேறு எந்தத் துணிக்கடையும் திறந்திருக்கவில்லை. எல்லா ஷட்டரும் கீழே. எங்கள் வாசலில் மட்டும் வாழைமரம், தோரணம், நாதஸ்வரம் பாட்டுப்பெட்டியிலிருந்து. போணிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. ஷா ஆலமிலிருந்து ஒரு பெண்வீட்டார் முதல் ஆளாக வந்து கூறைப்பட்டு எடுப்பார்கள். அந்தச் சிவப்புச் சேலையைத் தேங்காய், வெற்றிலையோடு பித்தளைத் தட்டில் வைத்திருந்தோம். போணி நல்ல கையால் ஆக வேண்டும், முதலில் நுழைந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. இரண்டும் துணிக்கடைக்காரர்கள் யாரும் மீறாத விஷயம். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

பூஜை முடிந்தது. பெண்வீட்டார் இன்னும் வரவில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் என்று போன் வந்தது. சித்தப்பா பட்டு ஜிப்பாவில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விற்பனை வேலைக்கு அமர்த்தியிருந்த அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். நகைக்கடையில் ரொம்ப நாள் வேலை பார்த்தவர். வருகிறவருக்குச் சந்தனம், போகிறவருக்குக் கற்கண்டும் நன்றியும் என்று அங்கே அவரைப் பழக்கியிருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு லோரி வந்து நின்றது. விளக்குகளை மினுக்கவிட்டு டிரைவர் இறங்கினார். என் வயதிருக்கும். துறைமுகத்தில் போடும் மஞ்சள் மேல்சட்டை. தெருவைக் கடந்து வந்து, தூணுக்கு முன்னால் நின்று, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்கா சந்தனத்தை நீட்டினார். டிரைவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாக்கா. பாஸ் யாரு? ஒரு கோடி வேணும். தங்கச்சிக்கு. புருஷன் இருக்காரு, செவப்புல குடுங்க."

நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

சித்தப்பா எழுந்து வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, மன்னிக்கணும். இன்னிக்குத்தான் கடை திறக்கறோம். போணிகூட ஆவல. பத்து மணிக்கு எதிர்க்க கடை திறப்பாங்க."

"பத்துக்கு அங்க குளிப்பாட்டிடுவாங்கண்ணே. நான் இன்னும் பந்திங் போவணும். ராத்திரியெல்லாம் கப்பல் சாமான் ஏத்திக்கிட்டு இருந்தேன், காலையிலதான் போனையே பாத்தேன்."

"வேற எங்கனாச்சும் பாருங்களேன்."

"பாத்துட்டுத்தான் வரேன். எல்லாம் மூடிக் கிடக்கு." அவர் கையைப் பின்னால் காட்டினார். கோபமில்லாமல், வழி சொல்வது மாதிரிதான் சொன்னார். "தூணுல எழுதியிருக்கே."

தங்கையைப் பார்த்தேன். அவள் தட்டிலிருந்த சிவப்புச் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒருவர் ஏதாவது செய்தாக வேண்டும். நான் அலமாரியிலிருந்து ஒரு சிவப்புச் சேலையை எடுத்தேன், தட்டில் இருந்ததை அல்ல. சுற்றுவதற்கு வெறும் காகிதம் கடையில் எங்கேயும் இல்லை. மேலே என் அறையில் கிடந்த பழைய பேப்பரைக் கொண்டுவந்து அதில் சுற்றினேன். அவர் பணம் கொடுத்தார். எண்ணாமல் கல்லாவில் போட்டு மூடினேன். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். திரும்பி நடந்தார். அவ்வளவில் முடிந்திருக்கும்.

வாசலில் அக்கா, வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய், கற்கண்டை நீட்டிச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார்: "நன்றிண்ணே. மறுபடியும் வாங்க."

அவர் நின்றார். அக்காவின் முகம் சொன்ன பிறகுதான் மாறியது. கிண்ணம் சாய்ந்து சந்தனம் அவர் புடவையில் வழிந்தது.

"இருந்தது ஒரே தங்கச்சிதாம்மா," என்றார் அந்த மனிதர்.

அந்த நேரத்தில்தான் பெண்வீட்டார் காடியிலிருந்து இறங்கி அஞ்சடியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பேப்பர் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தவருக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். பெண்ணின் அம்மா அவர் லோரியில் ஏறும்வரை பார்த்தார். பிறகு அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"போணி அதுவா ஆயிடுச்சி?" என்றார் அந்த அம்மா. "நல்ல காரியம் பாருங்க. தப்பா நெனைக்காதீங்க. நாங்க இன்னொரு நாள் வரோம்."

"வந்ததுக்குப் பாத்துட்டாவது போலாம்லா மா," என்றாள் கல்யாணப் பெண்.

"வாய மூடிக்கிட்டு காடியில ஏறு."

ஏறினாள். கண்ணாடி வழியாகத் தட்டிலிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டே போனாள். மற்ற விருந்தாளிகள் கேசரியைச் சாப்பிட்டு, துணி எதையும் தொடாமல் கிளம்பினார்கள். எல்லோரும் 'வரேன்' மட்டும் அழுத்திச் சொன்னார்கள்.

கடை காலியானபிறகு சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் தங்கையிடம் பேசினார்.

"வருஷம் முழுக்க செவுத்தப் பூசுனான். அர நிமிஷத்துல கடைக்கே கரியப் பூசிட்டான்."

"அவரு கேட்டதுக்கு நம்ம என்னா சித்தப்பா சொல்லியிருக்க முடியும்?"

"சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒங்கண்ணனுக்கு என்னா, இன்னிக்கு கிள்ளான், நாளைக்கு ஈப்போ. இங்க இருந்து வியாபாரம் பண்ணப் போறது நீயா அவனா?" கொஞ்ச நேரம் கைத்தடியைச் சுழற்றினார். "நாளைக்குக் காலையில மறுபடி பூஜை வப்போம். நான் அந்தப் பொண்ணு வூட்டுக்கு நேர்ல போய் பேசறேன், வருவாங்க. ஆனா அந்த எழுத்து இருக்கக் கூடாது. கோடிய எடுத்துக் குடுத்த கையும் கடையில இருக்கக் கூடாது. இந்த ரெண்டும் ஆவலன்னா, நான் வாங்கறவன கூப்பிட்டுடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கடை ஓட வேண்டும் என்று அவரும்தான் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

தங்கை மேலே போனாள். நான் கேசரிப் பாத்திரத்தைக் கழுவினேன். மதியம் தாண்டி அவள் இறங்கி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அண்ணே, தூணுக்கு ஒரு கோட் அடிச்சிட்டு…"

"சரி."

"முழுசா சொல்ல வுடு."

"சொல்லு."

படியில் உட்கார்ந்தாள். நான் சுண்ணாம்பு வாளியையும் தூரிகையையும் எடுத்து வந்தேன். கையுறை எங்கே என்று தேடவில்லை.

"கோவமா?" என்றாள்.

"இல்ல."

அது உண்மை. உள்ளே தேடிப் பார்த்தேன், கோபமோ வருத்தமோ ஒன்றும் இருக்கவில்லை. இடுப்பில் மரத்துப்போக ஊசி போட்டபிறகு காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலண்ணே."

"சொல்ல வேணாம்."

"அப்பா இருந்தா அவரும் குடுத்துத்தான் அனுப்பியிருப்பாரு."

"அப்பா இல்ல. நீதான் இருக்க. கடைய ஓட்டு."

அடித்தேன். பட்டு, பருத்தி, வேட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடைசி வரிமேல் மட்டும். சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், எதையும் மறைக்காது. காயக் காயத்தான் வெளுக்கும். அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"அப்படியே தெரியுதே?"

"காஞ்சா மறையும்."

ஒரு பூச்சில் முழுக்க மறையாது என்பது எனக்குத் தெரியும்.

மேலே போய்ப் பையை எடுத்தேன். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தேன். ஆணியையும் பிடுங்கலாமா என்று பார்த்தேன். பிடுங்கினால் பூச்சு பெயரும். விட்டுவிட்டேன். கீழே அவள் ஒரு பொட்டலத்தில் சாப்பாடு கட்டி வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டேன். அஞ்சடியில் இறங்கி நடந்தேன்.

ரயில் நிலையத்தில் கார்டைத் தட்டி உள்ளே போனபிறகுதான் நினைவு வந்தது. நான் 'வரேன்' என்று சொல்லவில்லை. அவளும் 'போயிட்டு வாண்ணே' என்று சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சொல்கிற விஷயம் இல்லை அது. ரயில் வந்தது, ஏறினேன்.

பாடாங் ஜாவாவில் ஒரு கூட்டம் ஏறியது. சுபாங்கில் இறங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த சீன ஆன்டி என் கையைப் பார்த்துவிட்டு ஈரத்தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். துடைத்தேன். மேலே இருந்தது போயிற்று, நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. பந்தாய் டாலாம் தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். புளிசாதம். உப்பு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் முன்பு நான் தங்கிய விடுதியில் இன்னும் அதே ஆள்தான் சாவி கொடுத்தார். "எங்க போனீங்க இத்தன நாளு?" என்றார். "கிள்ளான்," என்றேன். "அவ்ளோ கிட்டயா?" என்று கேட்டுவிட்டுக் கட்டில் எண்ணைச் சொன்னார்.

மறுநாள் காலை ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு நடந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒரு சேலைக்கடை வாசலில் முதலாளியம்மா பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார். வாயில் ஊசி. பொம்மை சாய்ந்தது, நான் பிடித்தேன்.

"புடிச்சிக்கிட்டே இருங்கண்ணே," என்றார். மடிப்பை வைத்துக் குத்தி முடித்தார். "சேலை புடிக்கத் தெரியுதே. வேலை தேடறீங்களா?"

"ஆமா."

"தொண்டை எப்படி?"

"இருக்கு."

"இருக்குன்னு இப்படி மெதுவாச் சொன்னா எப்படி? நம்மகிட்ட இருந்த ஆளு ஊருக்குப் போயிட்டான். இந்த அஞ்சடியில நின்னு போறவங்க வரவங்களக் கூப்பிடணும். பக்கத்துக் கடைக்காரன் பாட்டு போட்டுக் கத்துவான், அவனுக்கு மேல கேக்கணும். செய்வீங்களா?"

"யாரக் கூப்பிடணும்?"

"இது என்னா கேள்வி? எல்லாரையும்தான். பொம்பளைங்க, ஆம்பளைங்க, வெள்ளைக்காரன், சும்மா போன பாத்துக்கிட்டுப் போறவன். நீங்க கூப்பிடுங்க, உள்ள வந்தா மத்தத நான் பாத்துக்கறேன்."

சம்பளம் சொன்னார். தலையாட்டினேன். பையைக் கல்லாவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

போன் அதிர்ந்தது. தங்கை. குரல் இல்லை, எழுத்துதான்.

போணி ஆயிடுச்சிண்ணே. பொண்ணு வீட்டுல வந்து அதே சேலைய எடுத்துக்கிட்டாங்க. சித்தப்பா சரின்னுட்டாரு. தூணுல எழுத்து இன்னும் லேசா தெரியுது. எத்தன கோட் அடிக்கணும்?

கீழே ஒரு படம். தூணில் நான் பூசிய இடம் வெளுத்திருந்தது. வரி சாம்பல் நிறத்தில் உள்ளிருந்து தெரிந்தது. படிக்கத் தெரிந்தவர் நின்று பார்த்தால் படித்துவிடுவார்.

இன்னும் ரெண்டு, என்று எழுதினேன். ஒண்ணு காஞ்சப்புறம் அடுத்தது. கையுறை போட்டுக்க.

அனுப்பிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். பக்கத்துக் கடையில் பாட்டு தொடங்கியது. ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார், கையில் குடை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்துக்கா, கருமாதிக்கா, சும்மா ரயிலுக்கா என்று சொல்ல முடியாது.

"வாங்கக்கா," என்றேன். குரல் எழும்பவில்லை. முதலாளியம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. வந்து பாருங்க."